ப்ரெஸ்ஸுக்கு யார் போவது? ஒரு வடிவமைப்பாளரின் பதினைந்து வருடக் கணக்கு

2010 டிசம்பர். மார்கழிக் கச்சேரி சீஸன் தொடங்க நான்கு நாள்தான் இருந்தது. ஒரு சபாவுக்காக நாங்கள் வடிவமைத்த நிகழ்ச்சி மலர் அச்சாகி வந்து சேர்ந்தது. அறுபத்து நான்கு பக்கம், ஆயிரத்து ஐநூறு பிரதி. அட்டை பளிச்சென்று இருந்தது. உள்ளே புரட்டினால் பாடகர்கள், பக்கவாத்தியக்காரர்கள் பெயரெல்லாம் கண்ணில் நீர் கோத்துக்கொண்டு படிப்பதுபோல் கலங்கித் தெரிந்தன. எட்டுப் பாயின்ட் எழுத்து. ஒவ்வோர் எழுத்தின் ஓரத்திலும் ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமும் எட்டிப் பார்த்தன.

அச்சுத் தொழிலில் இருப்பவர்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சின்ன எழுத்தைக் கறுப்பு மையில் மட்டும் வைக்க வேண்டும். நான்கு நிறமும் கலந்து வரும் கறுப்பில் வைத்தால் திரையில் வித்தியாசமே தெரியாது. மெஷினில் நிறத்துக்கு ஒன்றாக இருக்கும் நான்கு பிளேட்டில் ஒன்று முடியளவு நகர்ந்தாலும் எழுத்து சிதறிவிடும். 'ரிஜிஸ்டர் அவுட்' என்பார்கள். ஆஃப்செட் மெஷின் பக்கத்தில் இரண்டு ராத்திரி நின்ற எவரும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டார்கள்.

செய்தவள் எங்களிடம் சேர்ந்து ஐந்து மாதமான பெண். நான் கத்தினேன். "நாலு வருஷம் காலேஜ்ல என்னதான் படிச்சே?"

"அக்கா, நான் இன்னும் ஒரு மெஷின் ஓடிப் பார்த்ததே இல்லக்கா" என்றாள்.

உண்மைதான். எங்களுக்கு ப்ரெஸ்ஸில் ஸ்லாட் கிடைப்பது பெரும்பாலும் இரவு ஒன்பதுக்கு மேல். முதல் ஷீட்டில் நிறம் பார்த்துக் கையெழுத்துப் போட ஸ்டூடியோவிலிருந்து ஒருவர் போயாக வேண்டும். அவளோடு அதே மாதம் சேர்ந்த பையனைத்தான் அனுப்புவோம். பெண்பிள்ளையை ராத்திரி திருவல்லிக்கேணிச் சந்துக்குள் எப்படி அனுப்புவது? அந்த விதியை ஸ்டூடியோவில் போட்டது வேறு யாருமில்லை, நான்தான்.

ராயப்பேட்டையில் இருபது வருடத்துக்கு மேல் ஒரு சின்ன வடிவமைப்பு ஸ்டூடியோ நடத்தியவள் நான். அந்தப் பெண்ணுக்கு இப்போது வயது முப்பத்தேழு. தனியாகத் தொழில் செய்கிறாள். அச்சுப் படைப்புகள் கண்காட்சிக்குப் போகின்றன, விற்கவும் செய்கின்றன. கலைக் கல்லூரி மாணவிகளிடம் பேசப் போகும்போதெல்லாம் "எப்படி மேலே வந்தார்கள் என்று ஒரு உதாரணம் சொல்லுங்கள்" என்று கேட்கிறார்கள். அதனால் அவளுடைய கணக்கு நோட்டுகளை வாங்கி, என் பழைய சம்பளப் பதிவேட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றாள். சில அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். வயதில் என்னைவிட இருபது வருடம் சின்னவள், 'அவர்' என்று எழுதினால் சிரிப்பாள். அதனால் 'அவள்'.

சாரம்

அவள் அப்பா சினிமா பேனர் வரைந்தவர். அண்ணா சாலைத் தியேட்டர் வாசல்களில் நாற்பதடி உயரத்துக்கு முகங்கள் நின்ற காலத்தில், சிந்தாதிரிப்பேட்டையில் பேனர் வரையும் கொட்டகை ஒன்றில் மாஸ்டராக இருந்தார். ஸ்டில் போட்டோமேல் பென்சிலால் கட்டம் போடுவார். துணிமேல் அதே கட்டத்தைப் பத்து மடங்கு, இருபது மடங்கு பெரிதாகப் போடுவார். போட்டோவின் ஒரு கட்டத்தில் இருப்பது துணியின் ஒரு கட்டத்துக்குப் போகும். மூக்கின் நுனி இங்கே, கண்ணின் ஓரம் அங்கே. பக்கத்தில் நின்று பார்த்தால் வெறும் நிறத் திட்டுகள், ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தால் கதாநாயகன்.

பன்னிரண்டு வயதில் அவளுக்குக் கட்டம் போடத் தெரியும், துணியில் பூசும் மாவு கலக்கத் தெரியும், பிரஷ் கழுவத் தெரியும். உயரத்தில் நின்று வரையக் கட்டிய சாரத்தில் ஏற மட்டும் விடமாட்டார்கள். அண்ணனை ஏறச் சொல்வார்கள், அவனுக்கு அதில் துளியும் ஆர்வமில்லை. 2000-க்குப் பிறகு பிளெக்ஸ் வந்தது, கொட்டகை காலியானது. அப்பா கடைசியில் அபார்ட்மென்ட் சுவர்களுக்கு பெயின்ட் அடிக்கப் போனார். அண்ணன் செல்போன் கடை வைத்தான்.

2006-இல் அவள் எழும்பூர் அரசு கவின் கலைக் கல்லூரியில் சேர்ந்தாள். ஓவியம் எடுக்க ஆசை. "பெயின்டிங் எடுத்தா என்னை மாதிரிதான் ஆவே, கம்ப்யூட்டர் இருக்கறத எடு" என்றார் அப்பா. காட்சித் தொடர்பு வடிவமைப்பு எடுத்தாள். வகுப்பு முடிந்ததும், கையால் தகடு வெட்டி ஓவியமாக அச்செடுக்கும் அச்சுக்கலைப் பிரிவில் போய் உட்கார்ந்துவிடுவாளாம்.

இங்கே ஒரு சின்ன விலகல். 'ஓவியம் சோறு போடாது, டிசைன் போடும்' என்ற பேச்சு நம்மூரில் புதிதில்லை. அந்தக் கல்லூரியே இரண்டுக்கும் நடுவில் பிறந்ததுதான். 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற டாக்டர் தனியார் பள்ளியாகத் தொடங்கினார், இரண்டு வருடத்தில் அரசு எடுத்துக்கொண்டது. தொழிற்கலைப் பள்ளி என்றுதான் வெகுகாலம் பெயர். 1957-இல் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கர் தன் மாணவர்களோடு 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உண்டாக்கினார். அந்த நிலம் வாங்க மாணவர்கள் பாட்டிக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றார்கள். மெழுகு காய்ச்சித் துணியில் ஊற்றிச் சம்பாதித்த காசில்தான் ஓவியம் வரைய இடம் கிடைத்தது. 'கமர்ஷியல் வேலை செய்தால் கலை கெட்டுவிடும்' என்று கண்ணை உருட்டும் சீனியர்களிடம் இதை நினைவுபடுத்துவது என் வழக்கம்.

அந்தக் கிராமத்தில் அனிலா ஜேக்கப், அர்னவாஸ் போன்ற பெண்களும் இருந்தார்கள். அதே பணிக்கரிடம் படித்த டி.கே. பத்மினி, கேரளத்துப் பொன்னானிப் பக்கத்திலிருந்து சென்னைக்கு வந்து வரைந்தவர், கல்யாணமான அடுத்த வருடமே 1969-இல் பிரசவத்தில் இறந்தார். முப்பது வயதுகூட ஆகவில்லை. அந்தச் சின்ன ஆயுளில் வரைந்ததை வைத்தே இன்றும் அவரைப் பேசுகிறோம். ஒரு பெண் கலைஞரின் தொழில்வாழ்க்கையை ஆராய்கிறவர்கள் உடம்பையும் குடும்பத்தையும் ஓர் அடிக்குறிப்பாக வைத்துவிட முடியாது என்பதற்காகச் சொல்கிறேன். நம் கதைக்கு வருவோம்.

என் பதிவேடு

2010 ஜூலையில் சேர்ந்தாள். சம்பளம் ஆறாயிரம். அந்தப் பையனுக்கு ஏழாயிரத்து ஐநூறு. அவனிடம் பைக் இருந்தது, ப்ரெஸ்ஸுக்கு ஓடினான், அதற்காக ஆயிரத்து ஐநூறு சேர்த்துக் கொடுத்ததாக அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் பெட்ரோலுக்குத் தனியாக வவுச்சர் போட்டிருக்கிறேன். பதிவேட்டில் என் கையெழுத்தோடு இருக்கிறது. மூன்று வருடத்தில் வித்தியாசம் ஐம்பத்து நாலாயிரம்.

பணத்தைவிடப் பெரிய நஷ்டம் வேறு. ப்ரெஸ்ஸுக்குப் போன பையனுக்கு மெஷின்மேன் நண்பரானார். எந்தக் காகிதம் மையை உறிஞ்சும், எந்தப் பேப்பரில் நான்கு நிறத்தையும் சேர்த்து முந்நூறு சதவீதத்துக்கு மேல் போட்டால் காயாமல் அடுத்த ஷீட்டின் முதுகில் ஒட்டும், காகிதக் கடைகள் இருக்கும் ஆண்டர்சன் தெருவில் யாரிடம் கேட்டால் அரை ரீம் கொடுப்பார்கள் என்பதெல்லாம் அவனுக்கு டீ குடித்துக்கொண்டே வந்தது. கிளையன்ட் மீட்டிங்கில் 'இது எப்படி அச்சாகும்?' என்று கேட்டால் அவன்தான் பதில் சொல்வான். பதில் சொல்கிறவனைத்தானே அடுத்த மீட்டிங்குக்கும் கூப்பிடுவார்கள். இரண்டு வருடத்தில் அவன் சீனியர் ஆனான். அவள் கை அவன் கையைவிட நல்ல கை என்பதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை.

மலர் கெட்டுப்போன பிறகாவது அவளை அனுப்பினேனா என்றால், இல்லை. பகலில் ஒருநாள் சுற்றிக் காட்டினேன். ஓடாத மெஷினை. 2013-இல் நுங்கம்பாக்கத்தில் ஒரு விளம்பர நிறுவனத்துக்கு மாறிப் போனாள். அங்கே தயாரிப்புப் பிரிவு தனியாக இருந்தது, பகல் ஷிப்டில் ப்ரெஸ் போக கார் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாள். பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் அந்த வருடம்தான் வந்திருந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும், என்னுடையதுபோன்ற நாலு பேர் இடங்களில் வேலை செய்கிறவர்கள் மாவட்ட அளவில் இருக்கும் குழுவிடம் போகலாம். இதை நான் தெரிந்துகொள்ள இன்னும் பல வருடம் ஆயிற்று. 'ராத்திரி அனுப்பமாட்டேன்' என்பதோடு என் பாதுகாப்புக் கொள்கை முடிந்துவிட்டது.

தண்ணீர், குழந்தை

2014-இல் கல்யாணம். ஜாபர்கான்பேட்டையில் தரைத்தளத்து வீடு. 2015 டிசம்பர் முதல் நாள் இரவு அடையாறு வீட்டுக்குள் வந்தது. கட்டிலுக்குக் கீழே சுருட்டி வைத்திருந்த கல்லூரி வேலைகள், லினோலியத்தில் வெட்டி எடுத்த நாற்பது சொச்சம் லினோ அச்சுகள், அப்பாவின் இரண்டு பழைய ஸ்டில் போட்டோக்கள் (பென்சில் கட்டத்தோடு) எல்லாம் கூழாகிப் போயின. ஹார்ட் டிஸ்க்கும் போயிற்று. மிஞ்சியவை எவை தெரியுமா? உறவினர்களுக்கும் தோழிகளுக்கும் சும்மா கொடுத்தவை. மாமா வீட்டு ஹாலில் ஒன்று, கல்லூரி விடுதி வார்டன் வீட்டில் ஒன்று, இப்படி ஒன்பது. மறுபடி போர்ட்ஃபோலியோ செய்ய ஒவ்வொரு வீடாகப் போய் அவள் செய்த வேலையை அவளே போட்டோ எடுத்து வந்தாள்.

2016 ஆகஸ்டில் மகள் பிறந்தாள். அப்போது சட்டப்படி பிரசவ விடுப்பு பன்னிரண்டு வாரம். இருபத்தாறு வாரமாக்கிய திருத்தம் நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரலில். எட்டு மாதத்தில் தவறிப்போனது. நவம்பரில் வேலைக்குத் திரும்பினாள், குழந்தைக்கு மூச்சுத்திணறல் வந்து வந்து போயிற்று, ஜனவரியில் ராஜினாமா.

'அன்பளிப்பு' என்ற பத்தி

அடுத்த இரண்டு வருடத்தைப் பலர் 'இடைவெளி' என்று பயோடேட்டாவில் எழுதுவார்கள். அவள் நோட்டைப் பார்த்தால் இடைவெளியே இல்லை. 2018-இல் மட்டும் முப்பத்தொரு வேலை செய்திருக்கிறாள். சீமந்தப் பத்திரிகை, புதுமனைப் புகுவிழாப் பத்திரிகை, கணவரின் நண்பருடைய கேட்டரிங் லோகோ, நாத்தனார் மகனுக்குப் பள்ளி சார்ட், அடுக்குமாடிச் சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு வாசல் முழுக்க நூற்றொரு புள்ளிக் கோலம். எதற்கும் காசு வரவில்லை. "உனக்கு அஞ்சு நிமிஷ வேலைதானேம்மா."

கோலம் போடுகிறவளுக்கு யாரும் காசு கொடுத்ததில்லை. விடிகாலையில் போட்டு மத்தியானம் மிதிபட்டுப் போவதை யாரும் வேலை என்று எண்ணவும் இல்லை. வீட்டில் ஒரு பெண் வரைகிறாள் என்றால் அந்தக் கணக்கில்தான் சேர்ப்பார்கள். அதே குடும்பத்தில் ஒருவன் எலக்ட்ரீஷியனாக இருந்தால் ஃபேன் மாட்டுவதற்கு ஐந்நூறு ரூபாய் கையில் திணிப்பார்கள்.

அவள் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. மறுக்கவில்லை. மறுத்தால் 'தலைக்கனம்' என்ற பேர் வரும், மாமியார் வீட்டில் அது வேறு வம்பு. 2019 தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு வேலைக்கும் முறையாக பில் அனுப்ப ஆரம்பித்தாள். 'பத்திரிகை வடிவமைப்பு: 3,500. உறவினர் தள்ளுபடி: 3,500. செலுத்த வேண்டியது: 0.' அவ்வளவுதான். சிலர் வெட்கப்பட்டு ஆயிரமாவது அனுப்பினார்கள். சிலர் கேட்பதையே நிறுத்தினார்கள். ஒரு பெரியம்மா மட்டும் "எனக்கே பில்லா?" என்று ஆறு மாதம் பேசவில்லை. கணவருக்கு முதல் தடவையாக அவள் வேலையின் விலை எண்ணாகத் தெரிந்தது. வருடக் கடைசியில் தள்ளுபடிப் பத்தியைக் கூட்டிக் காட்டியபோது அவர் ஒன்றும் சொல்லவில்லையாம். அடுத்த வாரம் வீட்டின் பின் பால்கனியை அடைத்து மேசை போட ஆளைக் கூட்டி வந்தார்.

காலண்டர்

இந்த ஆய்வில் நான் அதிகம் யோசித்த பகுதி இதுதான்.

2019-இல் ஓர் உணவுப்பொருள் நிறுவனம் காலண்டருக்கு அவளிடம் பன்னிரண்டு ஓவியங்கள் கேட்டது. பழைய மெட்ராஸ் கடைவீதிகள், மாதத்துக்கு ஒன்று. பேசியதெல்லாம் வாட்ஸ்அப்பில். அட்வான்ஸ் வந்தது, வரைந்தாள், பில் போட்டாள், பத்து சதவீதம் வருமான வரி (டிடிஎஸ்) பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்கள். எல்லாம் சுமுகம். அடுத்த தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் மூடியில் அவளுடைய பூக்கடை. பிறகு மசாலா பாக்கெட்டில் அவளுடைய மீன்காரம்மா. மூலையில் இருந்த கையெழுத்தை வெட்டியிருந்தார்கள்.

'வரைந்தவருக்குத்தானே உரிமை' என்று அவளும் நினைத்தாள், நானும் நினைத்தேன். தைரியமாக வக்கீலிடம் போனோம். அவர் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவைக் காட்டினார். பொதுவாகப் படைத்தவரே முதல் உரிமையாளர், சரி. ஆனால் ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில், பணம் பெற்றுக்கொண்டு வரைந்த ஓவியத்துக்கு, வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், கேட்டவர்தான் முதல் உரிமையாளர். புகைப்படத்துக்கும் அப்படித்தான். அந்த 'வேறுவிதமான ஒப்பந்தம்' எங்களிடம் இல்லை. வாட்ஸ்அப்பில் 'காலண்டருக்காக' என்ற வார்த்தை இருந்தது. அதை வைத்து வாதாடலாம், ஆனால் எத்தனை வருடம் என்று கேட்காதீர்கள் என்றார்.

கையில் மிஞ்சிய ஒரே பிடி 57ஆவது பிரிவு. உரிமையை விற்றுவிட்டாலும், இது என் படைப்பு என்று சொல்லிக்கொள்ளும் உரிமை படைத்தவரை விட்டுப் போகாது. தன் பெயருக்குக் களங்கம் வரும்படி சிதைத்தாலும் கேட்கலாம். கையெழுத்தை வெட்டியது அந்த வகையில் வரும் என்று ஒரு கடிதம் போனது. இரண்டு மாதம் இழுத்து, அடுத்த அச்சிலிருந்து பாக்கெட்டின் பக்கவாட்டில் பெயர் போட ஒத்துக்கொண்டார்கள். கூடவே ஒரு தொகை. அது வக்கீல் ஃபீஸுக்கும் மகளின் ஒரு டேர்ம் ஃபீஸுக்கும் சரியாக இருந்தது.

இது வெற்றியா? அவள் அப்படி நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரே பக்கத்தில், தமிழில், ஓர் ஒப்பந்தம் எழுதி வைத்துக்கொண்டாள். என்ன வேலை, எதற்குப் பயன்படுத்தலாம், எத்தனை வருடம், எந்தப் பகுதியில், பதிப்புரிமை வரைந்தவரிடமே இருக்கும், பெயர் எங்கே வரும். காலமும் இடமும் எழுதாமல் உரிமையை எழுதிக் கொடுத்தால் ஐந்து வருடம், இந்தியா என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். அதுகூட நமக்கு யாரும் கல்லூரியில் சொல்லவில்லை. இரண்டு கரெக்ஷன் வரை இலவசம், மூன்றாவதிலிருந்து காசு. 'ஓப்பன் ஃபைல் குடுத்துருங்கம்மா' என்று, மாற்றி அமைக்கக்கூடிய மூலக் கோப்பையே கடைசி நாளில் கேட்பார்களே, அதற்குத் தனி விலை. பாதிப் பணம் முன்னால்.

இந்தக் காகிதத்தை நீட்டியதும் எழுந்து போன கிளையன்ட்டுகள் உண்டு. முதல் வருடம் மூன்று பேர். அந்த மூன்று பேரும் பிற்பாடு பணம் தராமல் இழுத்தடித்த கதையை வேறு வடிவமைப்பாளர்களிடம் கேட்டேன் என்று எழுத ஆசைதான். அப்படியொன்றும் கேள்விப்படவில்லை. அவர்கள் வேறு யாரிடமோ நன்றாகவே வேலை வாங்கிக்கொண்டார்கள். அது அவளுக்கு மெலிந்த வருடம், கொரோனாவும் சேர்ந்துகொண்டது.

நாற்பத்தைந்து நாள்

2021-இல் குறு, சிறு நிறுவனங்களுக்கான மத்திய அரசின் 'உத்யம்' பதிவு செய்தாள். இலவசம்தான், ஆதாரும் பான் எண்ணும் போதும், பத்து நிமிடத்தில் முடியும். வடிவமைப்புச் சேவைக்கும் செல்லும். பெரும்பாலோர் வங்கிக் கடனுக்காகப் பதிவார்கள். அவள் பதிந்தது பாக்கி வசூலிக்க. குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தை, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் நாற்பத்தைந்து நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் பதினைந்து நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் கூட்டுவட்டி. 2006ஆம் ஆண்டுச் சட்டம் இது. பில்லின் அடியில் உத்யம் எண்ணையும் இந்த ஒரு வரியையும் சேர்த்தாள். வட்டி கேட்டு அவள் இதுவரை எங்கும் போனதில்லை. வரி அங்கே இருப்பதே பாதி வேலையைச் செய்துவிடுகிறது.

2024 மார்ச்சில் ஒரு வேடிக்கை நடந்தது. வருமான வரிச் சட்டத்தில் வந்த மாற்றத்தால், சிறு நிறுவனங்களுக்குக் கெடுவுக்குள் பணம் கொடுக்காவிட்டால், கொடுக்கிற வருடம் வரை அதைச் செலவாகக் காட்ட முடியாது என்றானது. எட்டு மாதமாகப் போனையே எடுக்காத ஒரு கம்பெனியின் அக்கவுன்டன்ட் அவளைத் தானாகக் கூப்பிட்டு, "மேடம், உங்க பாக்கியை இன்னைக்கே போட்டுடறோம், அக்கவுன்ட் நம்பர் மாறலையே?" என்று கேட்டார். இன்னொரு இடத்தில் "உத்யம் எண்ணை பில்லுல போடாம இருக்க முடியுமா?" என்றார்கள். முடியாது என்றாள். அந்த ஆர்டர் போயிற்று.

கிரீம்ஸ் ரோடு

இவ்வளவு நேரம் டிசைனையே பேசிவிட்டேன். அவள் மனசு எப்போதும் அச்சுக்கலையில்தான். பால்கனி மேசையில் லினோ வெட்ட ஆரம்பித்தது 2019-இல். குளிர்நாட்டில் லினோவை வெட்டுவதற்கு முன் சூடுபடுத்திக்கொள்வார்களாம். சித்திரை மாதச் சென்னைக்கு அந்தக் கவலை இல்லை, தானே இளகிக் கிடக்கும், கத்தி வெண்ணெயில் போவதுபோல் போகும். குழந்தை எழுந்தால் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் போகலாம், அக்ரிலிக் வண்ணம்போல் காய்ந்துபோகாது. ஓவியத்தை விட்டு அவள் லினோவுக்குப் போனதற்கு அழகியல் காரணம் கேட்டால் நிறையச் சொல்வாள். என் குறிப்பில் முதல் காரணம் இதுதான்.

2022-இல் கிரீம்ஸ் ரோட்டில் உள்ள லலித் கலா அகாடமி மண்டல மையத்தின் அச்சுக்கூடத்தில் இடம் வாங்கினாள். வீட்டில் வைக்க முடியாத பெரிய ப்ரெஸ், உலோகத் தகட்டை அரித்து அச்செடுக்கும் எட்சிங் செய்ய அமிலத் தொட்டி எல்லாம் அங்கே கலைஞர்கள் பகிர்ந்து பயன்படுத்தலாம், தனியாக ஸ்டூடியோ வாடகை கொடுப்பதோடு ஒப்பிட்டால் கட்டணம் சொற்பம். காலை ஒன்பதரைக்கு மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு மூன்று மணிக்குள் திரும்ப வேண்டும். வாரத்தில் மூன்று நாள். அந்த நேரத்தில் போனை எடுக்கமாட்டாள். அதையும் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறாள்!

அங்கே செய்த வரிசை முழுக்கக் கட்டங்கள். அப்பாவின் பென்சில் கட்டத்தையும் கோலப் புள்ளியையும் ஒன்றின்மேல் ஒன்றாக அச்சிட்டவை. ஒவ்வொன்றிலும் இருபது பிரதிதான், ஒன்றின்கீழ் இருபது, இரண்டின்கீழ் இருபது என்று எண் போட்டு. ஒரே ஒரு கேன்வாஸ் என்றால் ஒருவருக்குத்தான் விற்கலாம், விலையும் எட்டாது. அச்சு என்றால் மாதச் சம்பளக்காரர்களும் வாங்குவார்கள். விற்ற விலையில் கேலரி மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை எடுத்துக்கொள்ளும் என்பது அவளை முதலில் அதிரவைத்தது. 'வீட்டுக்கு வந்தா குறைச்சுத் தரேன்' என்று சொல்லிவிடத் துடித்தாள். அதை மட்டும் செய்யாதே என்று தடுத்தேன். கேலரியில் ஒரு விலை, வீட்டில் ஒரு விலை என்று தெரிந்தால் கேலரியும் போகும், முதலில் வாங்கியவரின் நம்பிக்கையும் போகும். பதினைந்து வருடத்தில் நான் அவளுக்குச் சொன்ன உருப்படியான புத்தி ஒன்று உண்டென்றால் இதுதான்.

2023-இல் பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் அலுவலகச் சுவர், அறுநூறு சதுர அடி. விலை எப்படிச் சொல்வது என்று என்னிடம் கேட்டாள். நான் கான்செப்ட், நாள் கணக்கு என்று ஏதேதோ விளக்கினேன். கடைசியில் அவள் அப்பாவிடம் கேட்டாள். "சதுர அடிக்கு இவ்ளோன்னு சொல்லு, சாரம் வாடகை தனி, சாப்பாடு அவங்களது" என்றார். பேனர்க்காரர்களுக்கு விலை சொல்லக் கூச்சம் கிடையாது. கலைக் கல்லூரியில் நாங்கள் கற்றுக்கொண்ட முதல் பாடமே அந்தக் கூச்சம்தான். சதுர அடிக் கணக்கு லோகோவுக்கு ஒத்துவராது என்பதில் நான் இன்னும் பிடிவாதமாக இருக்கிறேன், சுவருக்கு அதைவிட நல்ல கணக்கு இல்லை. முதல் நாள் அப்பா கீழே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவள் சாரத்தில் ஏறினாள். "மூணாவது கட்டம் கோணுது" என்று கத்திக்கொண்டே இருந்தாராம். கோணவில்லை. அவர் கண்ணில் புரை.

இன்று

ஆண்டு வருமானத்தில் முக்கால் பங்கு வடிவமைப்பிலிருந்தும், மீதி அச்சுகளிலிருந்தும் எப்போதாவது வரும் சுவர் வேலையிலிருந்தும். பி.எஃப். கிடையாது, மருத்துவக் காப்பீடு கணவர் வேலையோடு ஒட்டியது. அவர் வேலை மாறினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அவளிடம் பதில் இல்லை. என்னோடு இருந்த அந்தப் பையன் இன்று ஒரு பெரிய ஏஜென்சியில் கிரியேட்டிவ் டைரக்டர். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, நல்லவன், இவளுக்கு வேலைகூட அனுப்புகிறான்.

போன வருடம் அவளிடம் ஒரு பெண் உதவியாளராகச் சேர்ந்தாள். இருபத்திரண்டு வயது, மணலியிலிருந்து வருகிறாள். முதல் மாதமே ஒரு ப்ரெஸ் ஸ்லாட் இரவு பத்துக்கு விழுந்தது. இருவருமாகப் போனார்கள். மெஷின்மேனிடம் அந்தப் பெண்ணை அறிமுகப்படுத்தி, பிளேட் மாட்டுவதிலிருந்து பார்க்க வைத்து, கையெழுத்தையும் அவளையே போடச் சொல்லியிருக்கிறாள். திரும்பி வர மணி ஒன்றரை. பிறகு அந்தப் பெண் தனியாகவும் போய்வருகிறாள். தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவர் வாசலிலேயே காத்திருக்கிறார்.

பில்லில் கடைசிக்கு முந்தின வரி: 'இரவு அச்சு மேற்பார்வை, ஆட்டோ போக வர, காத்திருப்புடன்: 900.' போன வாரம் ஒரு கிளையன்ட் அதை அடித்துவிட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார். அவள் அதே வரியோடு புது பில் எடுத்து மறுபடி அனுப்பியிருக்கிறாள். இன்னும் பணம் வரவில்லை. இருபத்தியிரண்டு நாள் ஆகிறது.